கறுத்த இடமெல்லாம் கட்டியல்ல: கதிரியக்கப் பிறபொருளெதிரிப் படத்தில் பிழை தேடும் வழி

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு அவ்வப்போது யாராவது ஒருவர் பெரிய கடித உறையோடு வருவார். வெளிநாட்டில் பிள்ளைகளிடம் போய் நின்றபோது எடுத்த ஸ்கான் படம் உள்ளே இருக்கும். சிலர் அங்கேயே இருக்கும் உறவினரின் படத்தைத் தொலைபேசியில் கொண்டுவருவார்கள். வெளிச்சத்துக்கு நேரே படத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இதில கறுப்பாத் தெரியிறது எல்லாம் புற்றுநோயோ?"

இல்லை. அந்த ஒரு சொல்லை நிதானமாக விளக்கத்தான் இதை எழுதுகிறேன். 1990களில், இந்தவகைப் படங்கள் மருத்துவத்துக்குள் புதிதாக நுழைந்த காலத்தில், வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றின் அணுமருத்துவப் பிரிவில் படமெடுக்கும் வேலை பார்த்தேன். இப்போது மருத்துவமும் மருந்தாளர் படிப்பும் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறார்கள். இரு சாராருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். படத்தில் என்ன கோலம் தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் பின்னால் நடப்பதுதான் முறை.

முறையின் அடிப்படை எளிது. சில கட்டிக் கலங்கள் தம் மேற்பரப்பில் ஒரு குறித்த புரதத்தை அளவுக்கு மீறி வைத்திருக்கும். அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி என்ற எதிர்ப்புப் புரதத்தில் ஒரு கதிரியக்க அணுவைப் பூட்டி, நாளத்தில் ஏற்றி, சில மணித்தியாலமோ சில நாளோ கழித்துக் காமாக் கமெராவின் கீழ் படுக்கவைப்பார்கள். 1978இல் அமெரிக்காவில் டேவிட் கோல்டன்பேர்க்கும் குழுவினரும் சீ.ஈ.ஏ. என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியில் அயடீன்-131ஐப் பூட்டி மனித உடலில் கட்டிகளைப் படமாக்கிக் காட்டினார்கள். கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் 1975இல் அறிவித்த முறையால் ஒரே வார்ப்பிலான பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு செய்ய முடிந்தபின் இத்துறை வேகமெடுத்தது. குடல், சூலகக் கட்டிகளுக்கான சற்றுமோமாப் 1992இலும், பெருங்குடலுக்கான ஆர்சிற்றுமோமாப், புரொஸ்ரேற்றுக்கான காப்ரொமாப் இரண்டும் 1996இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இனி வரும் எல்லாவற்றுக்கும் சாவி இதுதான்: கமெராவுக்குப் பிறபொருளெதிரி தெரியாது. அணுவிலிருந்து வரும் காமாக் கதிர் மட்டுமே தெரியும்; கதிர் கூடிய இடம் படத்தில் கறுக்கும். பிறபொருளெதிரியை பஸ் என்று வைத்தால் அணு அதில் ஏறிய பயணி. பயணி இடைவழியில் இறங்கிவிட்டால், அவர் இறங்கி நடந்த இடத்தைத்தான் படம் காட்டும்; பஸ் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது.

படத்தைப் பார்க்கமுன் கேட்கவேண்டியவை

எந்த அணு? முழுப் பிறபொருளெதிரியா, அதன் துண்டா? ஊசி ஏற்றி எத்தனை மணித்தியாலம்? எந்தக் கையில் ஏற்றினார்கள்? முன்னர் எப்போதாவது இப்படியொரு ஊசி போட்டதுண்டா? சத்திரசிகிச்சை எங்கே, எப்போது? இந்த ஆறுக்கும் விடை இல்லாமல் படத்தைப் பார்த்துப் பேசுபவர் ஊகம்தான் சொல்கிறார்.

அணுவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அயடீன்-131இன் அரைவாழ்வுக் காலம் 8 நாள்; அதன் கதிர் 364 கிலோ இலத்திரன்வோல்ற்று, வன்மையானது. இந்தியம்-111க்கு 2.8 நாள், 171, 245 என இரு கதிர்கள். தெக்னீசியம்-99எம்முக்கு 6 மணித்தியாலம்தான், 140. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு போத்தல் தெக்னீசியத்தை 8 மணித்தியாலப் பயணத்தில் கொண்டுவந்தால் புறப்பட்டதில் 40 வீதம்தான் வந்துசேரும். இந்தியம் அதே வழியில் 92 வீதம் மிஞ்சியிருக்கும். உடலுக்குள்ளும் இதே கணக்குத்தான். முழுப் பிறபொருளெதிரி 150 கிலோடால்ற்றன் எடையுள்ள பெரிய புரதம். கட்டியில் சேரவும் இரத்தத்தை விட்டு நீங்கவும் நாட்கள் எடுக்கும். அதற்கு நாட்கணக்கில் நிற்கும் அணு வேண்டும். 50 கிலோடால்ற்றன் துண்டு சில மணித்தியாலத்தில் வேலையை முடிக்கும். அதற்குத் தெக்னீசியம் போதும். இந்தப் பொருத்தம் குலைந்திருந்தால் மேற்கொண்டு தேடவே தேவையில்லை, பிழை அங்கேதான்.

கழுத்தின் முன்பக்கம் கறுத்திருக்கிறது

அணு அயடீன் என்றால் தைரொயிட் சுரப்பி பிடித்திருக்கிறது. பிறபொருளெதிரியிலிருந்து கழன்ற அயடீனை, உணவில் வரும் அயடீனிலிருந்து பிரித்தறிய அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. கிடைத்ததை எல்லாம் இழுத்துச் சேமிக்கும். உடலிலுள்ள நொதியங்களே சிறிது சிறிதாக அயடீனைக் கழற்றும் என்பதால் நாள் செல்லச் செல்ல இந்தக் கறுப்புக் கூடும். கட்டியின் கறுப்போடு கழுத்தின் கறுப்பை ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை. ஆனால் சுரப்பிக்கு வீண் கதிர்வீச்சுப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. ஊசிக்கு முன்னரே லூகோல் கரைசலோ பொற்றாசியம் அயடைட்டோ கொடுக்கத் தொடங்கி, பின்னரும் தொடர்ந்து, சுரப்பியைச் சாதாரண அயடீனால் நிரப்பிவைக்க வேண்டும். நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் பிடிக்காது. நோயாளி அதை ஒழுங்காகக் குடித்தாரா என்று கேளுங்கள். வாயில் கசப்பென்று விட்டுவிட்டவர்கள் நிறையப்பேர்.

அணு தெக்னீசியமாக இருந்து, கழுத்தோடு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இரைப்பையும் சேர்ந்து கறுத்திருந்தால், பூட்டாத தெக்னீசியம் ஊசியிலேயே இருந்திருக்கிறது. பிழை மருந்து தயாரித்த மேசையில். போத்தலுக்குள் காற்றுப் போய்த் தெக்னீசியம் மறுபடி ஒட்சியேறியிருக்கலாம். தெக்னீசியம் கறக்கும் இயந்திரத்தைச் சில நாட்களாகக் கறக்காமல் விட்டு, விடுமுறை கழிந்த முதல்நாட் காலையில் எடுத்த திரவத்தைப் பாவித்திருக்கலாம்: அதில் கதிர்வீசி ஓய்ந்த தெக்னீசியம்-99 நிறையச் சேர்ந்து, பூட்டுமிடங்களை அது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் ஒருமுறை கறந்து ஒதுக்கிவிட்டு, சில மணித்தியாலம் கழித்து வருவதைப் பாவிக்கவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கினார்கள்.

மருந்தாளர் பிள்ளைகளுக்கு ஒரு விசயம். ஊசியை அனுப்பமுன் ஒரு சொட்டைச் சிலிக்கா பூசிய கீலத்தின் அடியில் வைத்து உப்புநீரில் நிறுத்துவோம். பூட்டாத தெக்னீசியம் நீரோடு மேலே ஓடும். பிறபொருளெதிரி அடியிலேயே நிற்கும். நான் கையாண்ட மருந்துகளில், பூட்டியது 90 வீதத்துக்குக் குறைந்தால் ஊசி போகாது. ஆனால் கவனியுங்கள்: கூழாகிப்போன தெக்னீசியமும் அடியில்தான் நிற்கும். அந்தக் கீலம் 98 வீதம் என்று காட்டும், ஈரல் மட்டும் கறுத்துப்போகும். கூழைப் பிரித்தறிய வேறொரு சோதனை வேண்டும். ஒரு கீலத்தை மட்டும் நம்பி ஏமாந்த நாள் எனக்கும் உண்டு.

படம் முழுக்க மங்கல், இதயமும் பெருநாடியும் தெளிவாகத் தெரிகின்றன

இது பெரும்பாலும் பிழையே அல்ல; அவசரம். நல்லூர்த் தேரன்று வீதியில் பிள்ளையைத் தவறவிட்டவருக்குத் தெரியும். பிள்ளை அங்கேதான் நிற்கும், சனம் கலையும்வரை கண்ணில் படாது. முழுப் பிறபொருளெதிரி ஏற்றி முதல்நாள் எடுத்த படத்தில் நாம் காண்பது இரத்தத்தைத்தான். 3ஆம், 4ஆம் நாள் திரும்பி வரச்சொல்லுங்கள். கட்டி அப்படியே நிற்கும், சுற்றியுள்ள சனம் கலைந்திருக்கும்.

அந்த முதற்படத்தை வீண் என்று எறிந்துவிடாதீர்கள். இரத்தக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதை அது வரைந்து வைத்திருக்கிறது. பின்னர் இடுப்புக்குள் ஒரு புள்ளியைக் கண்டு அது நிணநீர்க் கணுவா, வளைந்த நாளமா என்று தடுமாறும்போது, முதற்படத்தைப் பக்கத்தில் வைத்தால் பாதிச் சந்தேகம் தீரும். தொடக்க காலத்தில் ஒரு படி மேலே போனார்கள். இரத்தத்தைக் காட்டும் தெக்னீசியத்தை வேறாக ஏற்றி, அந்தப் படத்தை அயடீன் படத்திலிருந்து கணினியால் கழித்தார்கள். நோயாளி இரண்டு படங்களுக்கிடையில் ஒரு விரற்கடை அசைந்தாலும் கழித்தலின் விளிம்பில் பொய்யான கறுப்பு முளைக்கும். கழித்துச் செய்த படம் என்றால், அதற்கு மூலமான இரு படங்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஈரலும் மண்ணீரலும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன

இந்தியம் பூட்டிய முழுப் பிறபொருளெதிரியில் ஈரல் கறுப்பது இயல்பு. ஈரற் கலங்கள் புரதத்தை உடைத்தபின்னும் இந்தியத்தை வெளியே விடமாட்டா. இயல்பான ஈரலே இவ்வளவு கறுப்பாக இருப்பதால், ஈரலுக்குள் பரவிய கட்டி சிலவேளை வெளிறிய ஓட்டையாகத்தான் தெரியும். இந்தியம் பூட்டிய படத்தில் ஈரல் "சுத்தம்" என்று யாராவது சொன்னால் சீ.ரீ. படத்தையும் ஒருமுறை பாருங்கள் என்று பணிவாகக் கேட்பது உங்கள் உரிமை.

இயல்பை மீறி, இரத்தத்தில் ஒன்றுமே மிஞ்சாமல், சில மணித்தியாலத்திலேயே எல்லாம் ஈரலுக்குப் போயிருந்தால் மூன்று காரணம் தேடுங்கள். ஒன்று, பிறபொருளெதிரி போத்தலுக்குள்ளேயே திரண்டுவிட்டது: போத்தலைக் குலுக்கினார்களா, குளிர்ப்பெட்டியில் உறைந்ததா, 2 முதல் 8 பாகைக்கு வெளியே கிடந்ததா? திரள் பெரிதானால் நுரையீரலும் பிடிக்கும். இரண்டு, ஏற்றிய புரதத்தின் அளவு மிகக் குறைவு: ஈரல் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், கட்டிக்கு மிச்சம் வராது. அணு பூட்டாத சாதாரண பிறபொருளெதிரியைக் கூடச் சேர்த்து ஏற்றினால் பல மருந்துகளில் ஈரலின் பங்கு குறையும். மூன்றாவது, நோயாளியின் உடல் முன்பே எதிர்ப்பைக் கட்டி வைத்திருக்கிறது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சிறுநீரகங்கள் இரண்டும் கரியாகக் கிடக்கின்றன

துண்டுப் பிறபொருளெதிரி என்றால் அப்படித்தான் இருக்கும். ஏறத்தாழ 60 கிலோடால்ற்றனுக்குக் குறைந்த புரதம் சிறுநீரக வடிகட்டிக்குள்ளால் போய், அதன் குழாய்களில் மீண்டும் உறிஞ்சப்பட்டு அங்கேயே தங்கும். முழுப் பிறபொருளெதிரி ஏற்றியதாகச் சொல்லிச் சிறுநீரகம் இப்படிக் கறுத்தால், அது உடைந்துவிட்டதா என்று மருந்தறையைக் கேளுங்கள்.

முள்ளந்தண்டும் மூட்டுகளும் கறுத்திருக்கின்றன

குடும்பத்தை மிகவும் கலக்கும் கோலம் இது. "எலும்புக்கும் போட்டுது" என்று ஒருவர் சொன்னால் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அவசரப்படவேண்டாம்.

இந்தியம் கழன்றால் இரத்தத்திலுள்ள திரான்ஸ்பெரின் என்ற இரும்பு காவும் புரதத்தில் ஏறி என்பு மச்சைக்குப் போகும். மச்சை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம், முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு, விலா என்று சமமாகப் பரவி மெல்லிய கறுப்புத் தெரியும். பரவிய புற்று அப்படிச் சமமாக வராது. ஒரு முள்ளெலும்பு கறுத்து அடுத்தது வெளிறி, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். இப்போது ஆய்வுகளில் பொசித்திரன் கமெராவுக்குப் பாவிக்கும் சேர்க்கோனியம்-89 கழன்றால் எலும்பின் கனிமத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும், நாளுக்கு நாள் கூடும். அதில் ஓர் எலும்புப் புள்ளியை மட்டும் வைத்துப் பரவல் என்று தீர்ப்புச் சொல்வது தவறு. வாதத்தால் தேய்ந்த முழங்கால், தோள் மூட்டுகளும் பிடிக்கும். நோயாளியிடம் "முழங்கால் நோகுதோ?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.

இடுப்புக்குள் ஒரு புள்ளி

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். இதிலேதான் அதிகம் பிழை விடுவார்கள்.

சிறுநீர்ப்பை, குடல், நாளம், தோல், உடுப்பு: இந்த ஐந்தையும் கழித்த பின்னரே கட்டி என்ற சொல்லை எடுக்கவேண்டும். ஒருமுறை எழுபது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் புரொஸ்ரேற் சத்திரசிகிச்சைக்குப் பிறகு படமெடுக்க வந்தார். மகனுக்கு வேலை, தனியே வந்திருந்தார். ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். படத்தில் வலது தொடை மடிப்புக்குப் பக்கத்தில் வடிவான ஒரு புள்ளி. நிணநீர்க் கணு இருக்கக்கூடிய இடம். வைத்தியர் அறிக்கைக்கு ஆயத்தமாகிவிட்டார். நான் போய், "ஐயா, ஒருக்கால் சலம் கழிச்சுப்போட்டு வாறீங்களோ?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "நீர் எங்கட ஆளோ தம்பி! அவையள் முதலும் ஏதோ சொன்னவை, எனக்கு விளங்கேல்லை. அடக்கிக்கொண்டு கிடந்தனான், கொஞ்சம் சிந்தியும் போச்சு." வேறு உடுப்புக் கொடுத்து, தோலைத் துடைத்து, மறுபடி எடுத்தோம். புள்ளி இல்லை. கழற்றிய உடுப்பை மட்டும் கமெராவின் கீழ் வைத்தபோது புள்ளி அதிலே இருந்தது. அவருடைய மொழியில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் அவர் தவித்திருக்கத் தேவையில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகவே ஒழுங்கு இப்படி. சலம் கழிக்கவைத்து மறுபடி எடுங்கள். தேவையென்றால் வைத்தியர் கதீற்றர் போட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவச் சொல்வார். உடுப்பை மாற்றுங்கள், தோலைத் துடையுங்கள். முன்னால் எடுத்த படத்தைப் பின்னாலும் பக்கவாட்டிலும் எடுங்கள். தோலில் உள்ளது ஓரத்துக்குப் போய்விடும். குடலென்று சந்தேகித்தால் பேதிமருந்து கொடுத்து மறுநாள் பாருங்கள். குடலுக்குள் கிடக்கும் இந்தியம் இடம்பெயரும், கட்டி நகராது. நாளமென்று சந்தேகித்தால் முதல்நாள் இரத்தப் படம் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு அதே இடத்தில், நாளுக்கு நாள் சூழலைவிடக் கறுத்து வரும் புள்ளியைத்தான் நான் நம்புவேன்.

ஊசி ஏற்றிய கையும் அதே பக்க அக்குளும்

மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்திருக்கிறது. கசிந்ததை நிணநீர்க் குழாய்கள் அக்குட் கணுவுக்குக் கொண்டுபோகும். அந்தக் கணு நோயில்லாமலே கறுக்கும். மார்பகக் கட்டிக்குத் தேடும்போது நோயுள்ள பக்கக் கையில் ஊசி ஏற்றியிருந்தால் படம் பயனற்றுப்போகும். மறுகையில் ஏற்றி, உப்புநீரால் நாளத்தைக் கழுவிவிடுங்கள். ஊசி போட்ட இடத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது ஏன் குறைவு என்ற கேள்விக்கும் அந்தப் படமே விடையாகலாம்.

வெளிறிய வட்டம், அல்லது வெள்ளைக் கோடு

நோயாளி அசையும்போது கூடவே நகர்ந்தால் பொருள் நோயாளியில் இருக்கிறது. எல்லாக் கோணத்திலும் கமெராவின் ஒரே இடத்தில் நின்றால் கமெராவில் ஒரு குழாயோ பளிங்கோ பழுது. நம்மவர்களில் முதலாவதற்கு நான் தேடுவது வெள்ளி அரைஞாண், தாலிக்கொடி, தாயத்து, மடியில் முடிந்த சில்லறை. உலோகம் கதிரை மறிக்கும். அண்மையில் பேரியம் குடித்துக் குடற்படம் எடுத்திருந்தால் அதுவும் மறிக்கும். தாலியைக் கழற்றச் சொல்வதில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். கழற்ற மனமில்லாத அம்மாவிடம் "அதை ஒருக்கால் தோள்பக்கமாக ஒதுக்கிவிடுங்கோ அம்மா" என்று சொன்னால் போதும். வயிற்றைத்தான் எடுக்கிறோம் என்றால் அதுவும் தேவையில்லை.

கறுத்த புள்ளியிலிருந்து ஆறு கதிர்கள் விரிகின்றன, படம் புகார் மூட்டமாக இருக்கிறது

கமெராவின் முகத்திலுள்ள ஈயத் தேனடை, அதாவது கொலிமேற்றர், பிழை. தெக்னீசியத்துக்கான மெல்லிய ஈயச் சுவர்களை அயடீன்-131இன் வன்மையான கதிர் துளைத்துக்கொண்டு வரும். துளைகள் அறுகோணம் என்பதால் ஆறுமுனை நட்சத்திரம் விழுகிறது. அயடீன்-131க்கு உயர்சக்தி, இந்தியத்துக்கு இடைச்சக்திக் கொலிமேற்றர். காலையில் தெக்னீசியத்துக்குப் பாவித்துவிட்டு மாற்ற மறப்பதுதான் வழமையான காரணம். சக்திச் சாளரமும், அதாவது கமெரா எண்ணும் கதிர்ச்சக்தியின் எல்லையும், அந்த அணுவுக்கு வைத்ததுதானா என்று கூடவே பாருங்கள்.

கட்டி இருப்பது தெரியும், படத்தில் இல்லை

இதை மனதில் வையுங்கள்: ஏற்றியதில் மனிதக் கட்டியின் ஒரு கிராமுக்குப் போய்ச் சேர்வது 0.01 வீதமளவு, பலவேளை அதற்கும் குறைவு. இவ்வளவு சொற்பத்தைத் தேடும்போது ஒரு கண்ணியில் கை தவறினாலும் கட்டி மறைந்துவிடும்.

முதலில் அளவு. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டி சாதாரண தட்டைப் படத்தில் கரைந்துபோகும். சுற்றிச் சுற்றி எடுத்துக் குறுக்குவெட்டாக்கும் படத்தில் சில அகப்படும், சீ.ரீ.யோடு ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம்.

அடுத்தது, கட்டியில் அந்தப் புரதம் உண்டா? பெருங்குடற் கட்டி என்பதால் சீ.ஈ.ஏ. இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லாக் கட்டியிலும் இல்லை. ஒரே கட்டியின் எல்லாக் கலத்திலும் இல்லை. எடுத்த இழையத் துண்டு வைத்தியசாலையில் மெழுகுக்குள் பத்திரமாக இருக்கும். அதே புரதத்துக்கு நிறமூட்டிப் பார்க்கச் சொல்லலாம். புரதமே இல்லையென்றால் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயனில்லை.

புரதம் இருந்தும் பிறபொருளெதிரிக்கு எட்டாமல் இருக்கலாம். காப்ரொமாப்பின் கதை இதற்குச் சரியான பாடம். அது பற்றிக்கொள்ளும் பகுதி கலமென்சவ்வின் உட்பக்கத்தில் இருக்கிறது. உயிரோடு முழுசாக இருக்கும் கலத்துக்குள் அது புகமுடியாது. செத்துச் சிதையும் கலங்களில்தான் வாசல் திறந்திருக்கும். எலும்புக்குப் பரவிய புரொஸ்ரேற் கட்டிகளை அது நன்றாகக் காட்டாததற்கு இது முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே புரதத்தின் வெளிப்பக்கத்தைப் பற்றும் பிறபொருளெதிரிகளும், பின்னர் கல்லியம்-68 பூட்டிய சிறு மூலக்கூறுகளும் வந்தபோது படம் தலைகீழாக மாறியது. அந்தச் சிறு மூலக்கூறு ஒன்றுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் மூன்று நான்கு நாள் காத்திருந்து கண்ணைக் கசக்கித் தேடியதை இன்று ஒரு மணித்தியாலத்தில் காண்கிறார்கள். அன்று அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்திருந்தால் இரத்தம் போகாது, மருந்தும் போகாது. ஓரம் மட்டும் வளையமாகக் கறுக்கும். கட்டிக்குள் அழுத்தம் கூடியிருந்தால் இவ்வளவு பெரிய புரதம் உள்ளே ஊடுருவத் தயங்கும்.

இவை எல்லாம் சரியென்றால் மறுபடி மருந்தறை. பிறபொருளெதிரியின் பற்றும் கையிலேயே அணுவைப் பூட்டிவிட்டால் கை வேலை செய்யாது. அயடீன் தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பூட்டும். பற்றுமிடத்திலும் தைரோசின் இருக்கலாம். மூலக்கூறு ஒன்றுக்கு அதிகம் அயடீனைத் திணித்தால் கீலச் சோதனை 99 வீதம் காட்டும், மருந்தோ கட்டியை அறியாது. பூட்டியதா என்பது ஒரு கேள்வி. பூட்டியபின்னும் பற்றுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குக் கட்டிக் கலங்களைக் கூட்டிக் கூட்டிக் கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்து, கலம் எல்லையற்று இருந்தால் எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிடும் லிண்ட்மோ முறை 1984இலிருந்து உண்டு. புதிதாக ஒரு பிறபொருளெதிரியைக் கையாளும் பிள்ளைகள் இதைச் செய்யாமல் நோயாளியின் பக்கம் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டி இல்லை, ஆனாலும் கறுத்திருக்கிறது

சத்திரசிகிச்சைத் தழும்பு, குடலை வயிற்றுத் தோலில் திறந்துவிட்ட இடம், அண்மையில் ஊசியால் இழையம் எடுத்த இடம், சீழ்க்கட்டி, வீங்கிய நாடி. இவை எல்லாவற்றிலும் இரத்தம் கூடுதலாக ஓடும், குழாய்ச் சுவர்கள் கசியும். எந்தப் புரதமானாலும் அங்கே தேங்கும். முன்பே கேட்ட ஆறு கேள்விகளில் சத்திரசிகிச்சை பற்றியது இதற்காகத்தான். தேங்கியது நாட்போக்கில் வெளிறும், பற்றியது நிலைக்கும்.

இரண்டாம் முறை ஊசி போட்டபோது முற்றிலும் வேறு படம்

முதல்முறை அழகான படம். ஒரு வருடம் கழித்து அதே மருந்து, அதே அளவு. ஒரு சில மணித்தியாலத்தில் எல்லாம் ஈரலில். கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வீட்டார் "சுகமாயிட்டுது" என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

அக்காலப் பிறபொருளெதிரிகள் எலியிலிருந்து வந்தவை. நம் உடலுக்கு அது அந்நியப் புரதம். முதல் ஊசிக்குப் பிறகு அதற்கு எதிராகத் தானே பிறபொருளெதிரி செய்துவைக்கும். அடுத்தமுறை ஏற்றியவுடன் பிடித்து ஈரலில் கொட்டிவிடும். இரண்டாம் ஊசிக்கு முன் இரத்தத்தில் இந்த எதிர்ப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். இருந்தால் அதே வகையை ஏற்றக்கூடாது, ஒவ்வாமையும் வரலாம். மருந்தின் பெயரே ஓரளவு துப்புச் சொல்லும்: ஓமாப் என்று முடிந்தால் எலி, சிமாப் என்றால் பாதி மனிதம், சூமாப் என்றால் பெரும்பாலும் மனிதம், ஊமாப் என்றால் முழு மனிதம். 2017இல் இந்த அடையாளம் கைவிடப்பட்டதால் புதிய பெயர்களில் இதைத் தேடாதீர்கள்.

இதே எதிர்ப்பு இரத்தப் பரிசோதனையையும் கெடுக்கும். ஆய்வுகூடங்கள் சீ.ஈ.ஏ., புரொஸ்ரேற்றுக்குப் பார்க்கும் பீ.எஸ்.ஏ., தைரொயிட் அளவுகளை எடுக்கப் பாவிப்பவற்றில் பல எலிப் பிறபொருளெதிரிகள்தான். நோயாளியின் இரத்தம் அவற்றை நேரடியாகப் பிணைத்துவிட்டால், கட்டியே இல்லாமல் சீ.ஈ.ஏ. ஏறியிருப்பதாக எண் வரும். நோயாளியைப் பார்த்தால் நன்றாக இருக்கிறார், சீ.ரீ. சுத்தம், எண் மட்டும் ஏறுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். இரத்தத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஐதாக்கி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உண்மையான சீ.ஈ.ஏ. என்றால் எண்ணும் அதே கணக்கில் பாதியாகி, காலாகும். பொய்யென்றால் கணக்கு உதைக்கும்.

இந்த விசயம் தெரியவேண்டிய ஆய்வுகூடத்துக்குப் பலவேளை தெரியாது. ஊசி போட்டது ஒரு நாட்டில், இரத்தம் எடுப்பது தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணத்திலோ. ஆகவே உறையோடு வருபவர்களிடம், அவர்களின் கிளினிக் கொப்பியை வாங்கி முதற்பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: ஏற்றிய மருந்தின் பெயர், அணு, திகதி, எலிப் பிறபொருளெதிரி ஆமா இல்லையா. போன கிழமை வந்த அக்காவின் கொப்பியில் முதற்பக்கம் நிறைந்திருந்தது. அட்டையின் உட்பக்கத்தில் எழுதி, மழைக்கு அழியாமல் மேலே ஒட்டுப்பட்டி ஒட்டிக் கொடுத்தேன்.